காலண்டர் மேல் தொங்கிய துணி

பேத்தி பிறந்த அன்று விடியும்போதே நெவில் சமையலறை மாதக் காலண்டரின் மேல் பாத்திரம் துடைக்கிற துணியைத் தொங்கவிட்டிருந்தார். ஆகஸ்டில் அந்த ஒரு நாள் மட்டும் வருடா வருடம் அப்படித்தான். அவருடைய அம்மா தெல்மா ஆரம்பித்து வைத்த வழக்கம்.

அது அண்ணன் ட்ரெவரின் பிறந்த நாள். தேதி எழுதிய கோலிக்குண்டுகளைப் பெட்டியில் போட்டு உருட்டி, விழுகிற தேதியில் பிறந்த பையன்களைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போன காலம். ட்ரெவரின் குண்டு விழுந்தது. வியட்நாமுக்குப் போனவன் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தேதி அந்த வீட்டின் கண்ணில் படக் கூடாது.

இப்போது அதே தேதியில் பேத்தி.

மகள் கெரின் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பண்ணைக்கு வந்து இறங்கினாள். நெவில் குழந்தையைக் கையில் வாங்கினார். ஐவி என்று பெயர். காய்த்துப்போன அவர் விரலை அது பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அவருக்கு வாயெல்லாம் சிரிப்பு. ஆனால் அந்தச் சிரிப்போடேதான் சொன்னார்:

"பிறந்த நாளை அடுத்த நாளுக்குன்னு வச்சுக்கலாமே, கெரின். ஒரு நாள்தானே."

"இது கன்னுக்குட்டி இல்லப்பா, உனக்குப் பிடிச்ச நம்பரைக் காதுல குத்தி விடுறதுக்கு."

"சும்மா சொன்னேன்."

"சும்மாவா? பிள்ளை பிறந்து நாலு நாளாச்சு. துணி இன்னும் அங்கேயேதான் தொங்குது."

"எடுக்கக் கை வரல" என்றார் நெவில்.

கெரின் கைப்பேசியை எடுத்தாள். அந்தக் காலத்தில் எந்தத் தேதி விழுந்தது என்று வெளியே சொல்லமாட்டார்கள். வீட்டுக்குக் கடிதம் வரும், அவ்வளவுதான். இப்போது இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"அப்பா, இந்தத் தேதி விழவே இல்ல."

"கண்ணாடியைப் போட்டுட்டுப் பாரு."

"கண்ணாடி உனக்குத்தான். இங்க பாரு, முன்னாடி தேதி இருக்கு, அடுத்தது இருக்கு. நம்மளது இல்ல."

"அப்புறம் எதுக்கு அவனைக் கூப்பிட்டாங்க?"

தெல்மா பழைய காகிதங்களைப் போட்டு வைத்த கேக் டப்பா, அவள் இறந்த பிறகு யாரும் தொடாமல் அலமாரி மேல் இருந்தது. கெரின் அதை இறக்கினாள். உள்ளே பட்டாளத்துக் கடிதம். அது வந்த அன்று நெவிலுக்குப் பத்து வயது. ட்ரெவர் இதே மேஜையில் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "என் குண்டு விழுந்துடுச்சுப்பா. இனிமே காலைக் கறவை நெவில் பாடு" என்று சிரித்தான். அன்று வேறு யாரும் படிக்கவில்லை.

இப்போது கெரின் படித்தாள். குறித்த நாளுக்குள் பெயரைப் பதிவு செய்யாததால், குலுக்கல் இல்லாமலே அழைக்கப்படுவதாக அதில் இருந்தது.

"பதிவு பண்ணாம டிமிக்கி கொடுத்தாரா பெரியப்பா?"

"இல்லம்மா. படிவத்தை எழுதி, உறையில போட்டு ஒட்டி, எங்கப்பாகிட்ட கொடுத்தான். நான் பாத்தேன்."

ஆகஸ்ட் மாதம் மாடுகள் கன்று போடுகிற மாதம். பண்ணையை விட்டு யாரும் டவுனுக்குப் போக முடியாது. தபாலையெல்லாம் நெவிலின் அப்பா வால்தான் பால் லாரிக்காரர் கையில் கொடுத்து அனுப்புவார்.

கடிதத்துக்கு அடியில் ஒரு உறை இருந்தது. முகவரி ட்ரெவரின் கையெழுத்து. தபால்தலை ஒட்டியிருந்தது, முத்திரை விழவில்லை. ஒரு மூலையில், கன்றின் தொப்புளுக்குப் போடுகிற அயோடின் கறை. பின்பக்கம் தெல்மாவின் எழுத்து. ஜாம் போத்தலிலிருந்து எல்லாவற்றிலும் எழுதி வைக்கிறவள் இதையும் விடவில்லை: 'வாலின் மழைக்கோட்டுப் பையில், கன்று இழுக்கிற கயிறோடு. ட்ரெவர் போன பிறகு கிடைத்தது. வாலுக்குத் தெரியாது.'

வால்தான் சாகிறவரை அந்தக் கோலிக்குண்டைத் திட்டிக்கொண்டே இருந்தவர். அப்பா தபாலை அனுப்ப மறந்துவிட்டார் என்று ட்ரெவர் அன்று மேஜையிலேயே தெரிந்துகொண்டு, குண்டு விழுந்தது என்று பொய் சொன்னான். தெல்மா பிறகு தெரிந்துகொண்டு துணியைத் தொங்கவிட்டாள். வால் தேதியைத் திட்டட்டும், தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம் என்று.

நெவில் உறையைக் கீழே வைத்தார்.

"அழணும்னா அழுப்பா."

"வரல."

"தாத்தா மேல கோவமா?"

"அதுவும் வரல." குளிர்நாள் கறவையில் கை விறைத்துப் போகுமே, ஊசி குத்தினாலும் தெரியாதே, அப்படி இருந்தது அவருக்கு. "கன்னு சிக்கியிருக்கும். ரெண்டு கையும் உள்ள இருந்திருக்கும். லாரி வந்துட்டுப் போயிருக்கும்."

ஐவி பாலைக் கக்கினாள்.

"துணி எதாவது கொடுப்பா, சீக்கிரம்."

நெவில் எழுந்தார். கைக்கெட்டியது அந்தத் துணிதான். காலண்டரிலிருந்து உருவி, பேத்தியின் மோவாயையும் கழுத்தையும் துடைத்தார். துடைத்த பிறகுதான் எதை எடுத்தோம் என்று பார்த்தார். சுவரில் ஆகஸ்ட் முழுதாகத் தெரிந்தது.

"பேனா எங்க?" என்றார்.

"எதுக்கு?"

"கேக் எப்பன்னு மறந்துடுவேன்ல."

அந்தக் கட்டத்தில் 'ஐவி' என்று எழுதினார். இடம் இருந்தது. கீழே 'ட்ரெவர்' என்று எழுதினார். பிறகு பால் வாடை அடிக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மாலைக் கறவைக்குக் கிளம்பினார்.