உருக்கப்படாத ஒரு வால்வு

லேத்திலிருந்து விழும் சூடான பித்தளைச் சுருளில் கட்டிங் ஆயில் சொட்டும் வாசம் எங்கே அடித்தாலும், வக்கீலான எனக்கு அந்த நான்கு வாரங்கள் நினைவுக்கு வந்துவிடும்.

குரோம்பேட்டையில் பாஸ்கர் என்பவரின் பட்டறை. தண்ணீர் லாரியில் ஹோஸ் மாட்டும் வால்வு செய்பவர். அந்த வால்வின் பூட்டு அமைப்புக்குத் தன்னிடம் காப்புரிமை இருப்பதாக ஒரு பெரிய கம்பெனி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டது. பாஸ்கருக்காக நான் வாதாடினேன். தோற்றேன். உற்பத்தியை நிறுத்த வேண்டும். நான்கு வாரத்துக்குள் வார்ப்பு அச்சுகளை ஒப்படைக்க வேண்டும், அவை உடைக்கப்படும் என்று தீர்ப்பு. அச்சு போனால் பட்டறை போயிற்று.

கம்பெனி காப்புரிமைக்கு விண்ணப்பம் போடுவதற்குப் பல வருடம் முன்பிருந்தே பாஸ்கர் பட்டறையில் அந்த வால்வைச் செய்துவந்தார்கள். அதை நிரூபித்தால் காப்புரிமையே செல்லாது. நிரூபிக்கத்தான் வழியில்லை. பழைய பில்களில் வெறுமனே 'வால்வு' என்று இருந்தது.

1. கேட்க மறந்தது

தீர்ப்புக்கு மறுநாள் பட்டறைக்குப் போனேன். லேத்துகள் நின்றிருந்தன. எப்போதும் கத்திப் பேச வேண்டிய இடத்தில் எங்கள் மூச்சே பெரிதாகக் கேட்டது.

பழைய வால்வு ஒன்றுகூட ஏன் இல்லை என்பதை லேத் ஓட்டும் டர்னர் தயாளன் அன்றுதான் சொன்னார். பழசைக் கொண்டுவந்தால் புதுசு மாற்றித் தருவது அவர்கள் வழக்கம். வந்த பழசு அன்றே உலைக்குப் போய்விடும். வழக்கு நடந்த காலமெல்லாம் நான் பில், டிராயிங், கடிதம் என்று காகிதமாகவே கேட்டிருந்தேன். அவர்களும் காகிதமாகவே தேடியிருந்தார்கள்.

திரும்பி வராத வால்வே கிடையாதா என்றேன்.

"வண்டியே கண்டம் ஆயி காயலாங்கடைக்குப் போச்சுன்னா வால்வு எப்டி மேடம் வரும்?"

சொன்னவர், சொன்னதும் என் முகத்தைப் பார்த்து எழுந்துவிட்டார்.

2. அதே நீதிபதி

என் சீனியரிடம் ரிவ்யூ மனு போடப் போவதாகச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ரிவ்யூன்னா அதே ஜட்ஜ் முன்னாடிதாம்மா நிக்கணும். 'நீங்க குடுத்த தீர்ப்ப நீங்களே எடுங்க'ன்னு கேக்கணும். வெறுங்கையோட போகாத."

தயாளனும் பாஸ்கரும் ஒரே பைக்கில் ஊர் ஊராக அலைந்தார்கள். செத்துப்போன லாரிகளைத் தேடுகிற இரண்டு பேர். மூன்றாவது வாரம் மேடவாக்கத்தில் ஒரு நர்சரியில் கிடைத்தது: சக்கரமில்லாமல், செங்கல் மேல், காகிதப்பூச் செடிகளுக்கு நடுவே ஒரு டேங்க். அதன் பின்னால் எங்கள் வால்வு. லாரியைக் கழித்த காலத்திலேயே டேங்கை வாங்கிப் போட்டதாக நர்சரிக்காரர் சொன்னார். லாரியின் பதிவு ரத்தான சான்றிதழை ஆர்டிஓவில் வாங்கினோம். கம்பெனி விண்ணப்பித்ததற்கு இரண்டு வருடம் முந்தையது.

தயாளன் ஸ்பேனரை எடுத்தார். நான் கையைப் பிடித்துவிட்டேன். நாமே கழற்றினால், நாமே கொண்டுபோய் மாட்டியது என்பார்கள். கோர்ட் ஆள் வரட்டும்.

மனு எடுக்கப்பட்டபோது நீதிபதி கேட்டது ஒன்றுதான்: இதை விசாரணையிலேயே ஏன் காட்டவில்லை? பழசையெல்லாம் உருக்கிவிடும் வழக்கத்தைச் சொன்னேன். ஒன்று பிழைத்திருப்பது எங்களுக்கே தெரியாது என்றேன். வெகுநேரம் எழுதினார். அச்சுகளைத் தொடக் கூடாது, வால்வைப் பார்க்க கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனர் போக வேண்டும் என்று உத்தரவு.

3. கேஸ்கெட்டுக்கு அடியில்

கமிஷனர் முன்னிலையில், கம்பெனி வக்கீல் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, தயாளன் வால்வைப் பிரித்தார். அதே பூட்டு. கசிவை அடைக்கும் கேஸ்கெட்டுக்கு அடியில், துருவே பிடிக்காத பித்தளையில், மாதமும் வருடமும் 'த' என்ற எழுத்தும். ஒவ்வொரு பீஸிலும் தன் கையால் பஞ்ச் அடிப்பாராம். எதிர் வக்கீல் மொபைல் டார்ச்சை அணைத்தார்.

நீதிபதி தன் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்றார். மறுவிசாரணையில் கம்பெனியின் காப்புரிமையே ரத்தானது.

இப்போது வழக்கு வந்தால் முதல் நாளே நான் காகிதம் கேட்பதில்லை. வேலை நடக்கிற இடத்தில் போய் உட்கார்ந்து, ஒரு பொருள் பிறந்ததிலிருந்து சாகும்வரை அதற்கு என்னென்ன நடக்கிறது என்று கேட்கிறேன்.

நீதிபதி தீர்ப்பைத் திரும்பப் பெற்ற அன்று கோர்ட்டிலிருந்து மூவரும் ஒரே ரயிலில் திரும்பினோம். எனக்குத் தாம்பரம். குரோம்பேட்டையில் அவர்கள் இறங்கினார்கள். பாஸ்கர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். தயாளன் அவர் தோளைத் தட்டினார்.

"காலைல ஏழு மணிக்கு வந்துடு சார். அச்சு ரூம் சாவி உங்கையிலதான் கீது."