அவள் படிக்காத தாள்

நான் எழுதிய ஒரு பொய்யை உண்மை என்று உறுதி சொல்லி, இன்னொருத்தியைக் கையெழுத்துப் போடவைத்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

திருத்தணிக்கு வெளியே, அரக்கோணம் சாலையில் இருந்த கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் என் பொறுப்பு. குண்டு துளைக்காத உடுப்புகள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினோம். சாதாரணத் துணி ஏற்றுமதி மாதிரி இல்லை இது. ராணுவப் பொருள் பட்டியலில் வரும் சரக்கு. ஒவ்வொரு முறையும் டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும். கடைசியில் அதை யார் போட்டுக்கொள்ளப் போகிறார்களோ, அவர்களே எழுதித் தந்த சான்று வேண்டும்: நாங்களே பயன்படுத்துவோம், வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டோம் என்று. அந்தச் சான்றைச் சரிபார்த்தோம் என்று கம்பெனி சார்பில் ஒருவர் உறுதிமொழி தர வேண்டும்.

ஒரு வெளிநாட்டு வியாபாரி, தன் ஊர்ப் போலீஸுக்கு என்று இருநூறு உடுப்பு கேட்டார். போலீஸின் சான்று வரவேயில்லை. ஒருநாள் போலீஸின் தலைப்பு அச்சிட்ட வெற்றுத்தாள் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பி, விஷயத்தை நீங்களே அடித்து அனுப்புங்கள், கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்றார். நம் ஆபீஸ்களில் இது சகஜம். வாடிக்கையாளர் தர வேண்டிய கடிதத்தை நாமே அடித்து நீட்டுவோம். அவர் கையெழுத்து மட்டும் போடுவார். ஆனால் போலீஸின் தலைப்புத்தாள் வெறுமையாக ஒரு வியாபாரியின் கையில் இருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். முதலாளி அவசரப்படுத்தினார். நல்ல ஆங்கிலத்தில் அடித்தேன். மறுநாளே கையெழுத்தோடு திரும்பி வந்தது. எந்த நாட்டுப் போலீஸுக்கு அத்தனை வேகம்?

உறுதிமொழியில் என் பெயரைப் போடப் பயம் வந்தது. ஓய்வு பெற நான்கு மாதம்தான் இருந்தது. எனக்குக் கீழே வேலை பார்த்த, பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகையிலிருந்து வரும் பெண்ணுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் சிபாரிசு செய்தேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடட்டுங்களா சார்?"

"நான் பாத்தாச்சும்மா. எல்லாம் எப்பவும் போடற அதே ஃபாரம்தான், போடு."

"ஆங், நீங்க பாத்தா மலைமேல இருக்கறவரு பாத்த மாதிரி" என்று சிரித்துக்கொண்டே போட்டாள்.

சரக்குப் போனது. நான் ஓய்வு பெற்றேன். ஒரு வருஷம் கழித்து அதிகாரிகள் அந்தப் போலீஸுக்கே எழுதிக் கேட்க, நாங்கள் எதுவும் வாங்கவில்லை என்று பதில் வந்தது. இருநூறு உடுப்பும் யார் மார்பில் இருக்கின்றன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விசாரணைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். குவைத்தில் டிரைவராக இருந்த புருஷனிடம் போக, அவளுக்கும் மகளுக்கும் விசா வந்திருந்த நேரம் அது.

மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். ஆடிக் கிருத்திகைக்குத் தெரு முழுக்கக் காவடி போனது, கதவைத் திறக்கவில்லை. பிறகு உட்கார்ந்து நான்கு பக்கம் கைப்பட எழுதினேன். போலீஸ் சான்றை அடித்தது நான். அவள் தாளைப் படிக்கவேயில்லை, என்னை நம்பிப் போட்டாள் என்று. முதலாளியிடம் சொன்னேன். "இந்த வயசுல களி துன்னணும்னு ஆசையா சார் உங்களுக்கு?" என்றார்.

சென்னையில் விசாரணை அதிகாரி அதை நிதானமாகப் படித்தார்.

"சரி சார். உங்களையும் கேஸ்ல சேத்துக்கறோம்."

"அந்தப் பொண்ணை விட்டுடுவீங்களா?"

"எப்படி விடறது? சரிபாத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. பாத்தேன், ஏமாந்துட்டேன்னுதான் இதுவரைக்கும் சொல்லிக்கினு இருந்தாங்க. பாக்கவே இல்லைன்னு இப்ப நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களே."

அவளுக்கு இருந்த ஒரே வழியையும் நான் அடைத்துவிட்டேன். எழுதுவதற்கு முன் அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தோன்றவேயில்லை.

அன்று மாலையே போனில் கேட்டாள்: "உங்கள யாரு சார் எழுதச் சொன்னாங்க? அன்னிக்கும் எனக்காக நீங்களே முடிவு பண்ணீங்க. இன்னிக்கும் நீங்களே பண்ணிட்டீங்க."

இப்போது மாதம் ஒருமுறை இருவரும் சென்னை போய்க் கையெழுத்துப் போட வேண்டும். என் பாஸ்போர்ட்டும் அங்கேதான் இருக்கிறது. அவள் புருஷன் ஒருமுறை லீவில் வந்து, தனியாகத் திரும்பிப் போனான். திருத்தணியில் ஒரே ரயிலில் ஏறுவோம். அவள் பெண்கள் பெட்டியில்.

போன மாதம் அங்கே ஏதோ புதுத் தாள் கொடுத்தார்கள். இரண்டு பக்கம். "எல்லாருக்கும் இதேதாம்மா, சட்டுனு போடு" என்றார் மேஜைக்காரர். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, விரலை வைத்து முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். நான் பின்னால் நின்றேன். அவள் முடிப்பதற்குள் எங்கள் ரயில் போய்விட்டது. அடுத்த வண்டி வரும்வரை ஒரே பிளாட்பாரத்தில், இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தோம்.