சாலையின் குறுக்கே ஒரு மரமல்லி

போன வாரம் நைனார்பாளையத்தில் ஒரு மாந்தோப்பில் மண் மாதிரி எடுக்கக் குனிந்தபோது முசுறு எறும்பு ஒன்று கழுத்தில் கடித்தது. வலியை விட்டுவிட்டு 'ஃபார்மிக் அமிலம்' என்று வாய்விட்டுச் சொன்னேன். தோப்புக்காரர் சற்று விலகி நின்று என்னைப் பார்த்தார். எறும்பு கடித்து 'ஐயோ' என்று கத்தாத ஆளிடம் மண்ணைக் கொடுக்கலாமா என்று யோசித்திருப்பார். மூன்று அறிவியல்களை ஒரே சமயத்தில் படித்தவர்களுக்கு இப்படித்தான் ஆகிவிடுகிறது.

பல்கலைக்கழகத்தில் எனக்குத் தாவரவியல் முதன்மைப் பாடம். விலங்கியலும் வேதியியலும் துணைப்பாடங்கள். மூன்று ரெக்கார்டு நோட்டுகள், மூன்று வாசனைகள். வேதியியல் கூடத்திலிருந்து வந்தால் உடம்பெல்லாம் அழுகிய முட்டை வீசும். விலங்கியலுக்கு ஃபார்மலின். தாவரவியலுக்கு வாடிய தழை. விடுதிச் சாப்பாட்டு வரிசையில் கண்ணை மூடிக்கொண்டே யாருக்கு அன்று எந்தச் செய்முறை வகுப்பு என்று சொல்லிவிடலாம். எனக்கு இந்தக் கலப்படம் பிடித்திருந்தது. காலையில் தவளை எப்படி மூச்சு விடுகிறது என்று வரைவேன். மதியம் அதே மூச்சிலுள்ள வாயு சுண்ணாம்பு நீரைப் பாலாக்குவதைப் பார்ப்பேன். சாயங்காலம் அந்த வாயுவை இலை உண்கிறது என்று எழுதுவேன். தெரிந்த ஒரே ஆளை மூன்று ஊர்களில் அடுத்தடுத்துப் பார்த்த மாதிரி இருக்கும்.

எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். வகுப்புத் தோழி ஜெயராணி இதற்காகவே என்னைக் கேலி செய்வாள். "உன் லிஸ்ட்ல நான் எத்தினியாவது ஐட்டம்டி?" என்பாள். இரண்டு பேருமே சங்கராபுரத்துப் பக்கம். விடுமுறைக்கு ஒரே பஸ்ஸில் வருவோம், ஒரே பஸ்ஸில் திரும்புவோம்.

அந்த ஆண்டு நாங்கள் ஊருக்கு வந்திருந்தபோது, ஆளுக்கு இருபத்தைந்து ஹெர்பேரியம் தாள்கள் முடித்திருந்தோம். பூவோ காயோ உள்ள கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து, கெட்டித்தாளில் தைத்து, மூலையில் விவரச்சீட்டு ஒட்டினால் ஒரு தாள். மொத்தம் முப்பது வேண்டும். முப்பது இல்லாவிட்டால் ரெக்கார்டில் கையெழுத்துக் கிடையாது. கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வுக்கு உள்ளே விடமாட்டார்கள். தேர்வு போனால் ஒரு வருடம் போகும். எனக்கோ படிப்பே போகும். வீட்டில் அப்படி ஒரு வாய்ப்புக்காகவே மாப்பிள்ளை ஒருவரைப் பார்த்து வைத்திருந்தார்கள்.

தும்பை, எருக்கு, நாயுருவி, ஊமத்தை என்று காலடியில் முளைத்ததெல்லாம் ஏற்கெனவே தாளுக்குப் போய்விட்டது. பாக்கி ஐந்துக்குக் கல்வராயன் மலைக்குப் போவதாகத் திட்டம். கச்சிராயப்பாளையத்தில் பஸ் மாறி வெள்ளிமலை. எதெது கிடைக்கும் என்று பட்டியல்கூடத் தயார். ஆனால் கிளம்ப வேண்டிய நாளில் பஸ் ஓடவில்லை. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் மறியல் நடந்த வருடங்கள் அவை. சாலையோர மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். அடுத்த நாளும் ஓடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

நான்காம் நாள் ஜெயராணி வீட்டு வாசலில் வந்து நின்றாள். "வாடி, நாம மேல ஏறித்தான பூ பறிக்கணும்னு இருந்தோம்? மரமே கீழ எறங்கி வந்துகீது" என்றாள். பழைய செய்தித்தாள் கட்டோடு கள்ளக்குறிச்சி சாலையில் நடந்தோம்.

மூன்றாவது கிலோமீட்டர் கல்லுக்கு அருகே ஒரு மரமல்லி சாலையை அடைத்துப் படுத்திருந்தது. உதிர்ந்த பூவைப் பொறுக்கித்தான் எங்களுக்குப் பழக்கம். இலையோடும் மொட்டோடும் கிளையிலிருந்த பூவை அன்றுதான் தொட்டேன். அடிமரத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாம்மா, மாட்டுக்குத் தழையா?"

"இல்லண்ணா, காலேஜுக்கு."

"காலேஜுல தழைகூட கேக்கறாங்களாடா!"

"வுடுரா, படிக்கட்டும். நம்ம புள்ளைங்களுக்கும் சீட்டு குடுன்னுதான இங்க குந்திகினு கீறோம்" என்றார் துண்டைத் தலையில் கட்டியிருந்த ஒருவர். அரிவாளை எடுத்துக்கொண்டு, "எவ்ளோ வோணும்?" என்றார்.

"ஒரு அடிண்ணா. பூ, மொட்டு, இல, மூணும் ஒரே கிளையில இருக்கணும்."

"பொண்ணு கேட்டு வந்தவன்கூட இத்தினி கண்டிஷன் போட மாட்டான்" என்று எவரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அங்கிருந்துதான் எங்களுக்குப் பைத்தியம் பிடித்தது. மரத்தின் உயரத்தை விவரச்சீட்டில் எப்போதும் 'தோராயமாக' என்று போடுவோம். இப்போது வேரிலிருந்து நுனிவரை எட்டு வைத்து நடந்தே அளந்தோம்: இருபத்தாறு எட்டு. தள்ளிக் கிடந்த வாகையில் இலைகளை ஒட்டிக் கட்டிய முசுறுக் கூடு இருந்தது. நான் கைவிட்ட வேகத்தில் முழங்கை வரை ஏறிவிட்டன. கடித்தது விலங்கியல், எரிந்தது வேதியியல், மாட்டிக்கொண்டது தாவரவியல். தலைப்பாகைக்காரர் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து நீட்டினார். அமிலத்துக்குக் காரம்! எரிச்சலோடு எரிச்சலாக அதையும் குறித்துக்கொண்டேன். அப்புறம் ஒரு காக்கைக் கூடு கவிழ்ந்து கிடந்தது. அதை மட்டும் இருவருமே எழுதவில்லை.

மரமல்லியோடு வாகை, தூங்குமூஞ்சி, நீர்மருது, தேக்கு என்று ஐந்தும் மாலைக்குள் சேர்ந்துவிட்டன. விவரச்சீட்டில் 'வாழிடம்' என்ற இடத்தில், கண்டதைத்தானே எழுத வேண்டும் என்று, இருவரும் 'சாலையின் குறுக்கே' என்று எழுதினோம்.

சாலை திறந்ததும் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தாள்களை வைத்தோம். எங்கள் ஆசிரியர் மரமல்லித் தாளை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"ஏம்மா, மரம் எங்கயாவது ரோட்டுக்குக் குறுக்கே மொளைக்குமா?"

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இந்தச் சீட்டு எதுக்கு? நாளைக்கு வேற ஒருத்தர் இதைப் படிச்சிட்டுப் போனா, அந்த மரம் அங்க இருக்கணும்."

"இருக்காது சார். அதான் அப்படி எழுதினோம்" என்றாள் ஜெயராணி.

"சாலையோரம்னு மாத்திக் கொண்டாங்க. இல்லன்னா கையெழுத்து இல்ல."

எனக்கு வீட்டில் காத்திருந்த மாப்பிள்ளை நினைவுக்கு வந்தார். ஐந்து நிமிடத்தில் ஐந்து புதுச் சீட்டுகள் எழுதி ஒட்டினேன். மரமல்லிக்கு: 'கள்ளக்குறிச்சி சாலை, மூன்றாவது கிலோமீட்டர் கல் அருகே. சாலையோரம். நன்கு வளர்ந்த மரம். உயரம் இருபத்தாறு எட்டு.' ஜெயராணி பழைய சீட்டிலேயே ஒரு கோடு போட்டு அடித்து, 'சாலையோரம் இருந்தது. வெட்டப்பட்டது' என்று எழுதினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி அதை இன்னொரு முறை படித்தார். அடித்தல் திருத்தலுக்கு இரண்டு மதிப்பெண் குறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்படியும் கையெழுத்து வாங்கலாம் என்பது எனக்கு அதுவரை தோன்றவேயில்லை.

தேர்வு முடிந்ததும் அடித்தல் இல்லாத சுத்தமான தாள்களைத் துறை அலமாரிக்கு எடுத்துக்கொண்டார்கள். என்னுடையவை ஐந்தும் தேர்வாயின. ஜெயராணியின் தாள்களை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பரணில் செல்லரித்துப்போனதாகப் பிறகு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள்.

அந்தச் சாலையைப் பின்னால் அகலப்படுத்தினார்கள். மிச்சமிருந்த புளியமரங்களும் போயின. பழைய கிலோமீட்டர் கற்களும் போயின. வேலை நிமித்தம் அவ்வழியே போகும்போது மூன்றாவது கல் எங்கே இருந்தது என்று என்னாலேயே சொல்ல முடிவதில்லை. ஆனால் அலமாரியில் அந்த மரமல்லி சாலையோரத்தில்தான் நிற்கிறது, என் கையெழுத்தில், நன்கு வளர்ந்த மரமாக. அதைப் படித்துவிட்டு யாராவது ஒரு பெண் என்றைக்காவது அங்கே பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பாள். செய்தித்தாள் கட்டோடு, மொட்டை வெயிலில், அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.