சோற்று வரப்பு

எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும். இன்றைக்கும் அப்படித்தான். எழுபதுகளில், கூனிமேட்டுக்கு வாழ வந்த புதிதில், கேட்கவே வேண்டாம்.

கல்யாணமான சில மாதங்களில் என் வீட்டுக்காரர் சபர் போனார். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவதை எங்கள் ஜனம் அப்படித்தான் சொல்லும். வீட்டில் மிஞ்சியது நானும் மாமியாரும். ஒருநாள் மாமி என் குழம்பை வாயில் வைத்துவிட்டு, "உப்பளத்துப் பக்கத்துல குடியிருந்தும் உப்பு போடத் தெரியல. உங்கம்மா இதக்கூட சொல்லித் தரலியா?" என்றார். என்னைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். அம்மாவை இழுத்ததும் பற்றிக்கொண்டு வந்தது. துணிமணியைத் தகரப் பெட்டியில் அடுக்கி, வாசல் கதவோரம் வைத்தேன். விடிந்ததும் அம்மா வீட்டுக்குப் பாண்டி பஸ் ஏறிவிடுவது, புருஷன் திரும்பி வந்து கூப்பிட்டாலும் இந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று முடிவு.

விடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மரக்காணம் பக்கம் உப்பளமும் உப்பங்கழியும் ஒன்றாகிவிட்டன என்றார்கள். எங்கள் ரோட்டிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பஸ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பெட்டி கதவோரத்திலேயே இருந்தது. மாமி அதைச் சுற்றிக்கொண்டு பெருக்கினார்.

எங்கள் வீட்டில் சஹனில்தான் சாப்பாடு. சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு அது. கோபமென்றால் தனித் தட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். அதற்கு யாராவது வாயைத் திறக்க வேண்டும். முதலில் பேசுகிறவர் தோற்றவர். அதனால் எதிரெதிரே உட்கார்ந்து, அவரவர் பக்கத்துச் சோற்றைத் தின்றோம். நடுவில் வரப்பு மாதிரி ஒரு கோடு சோறு மிஞ்சும். இருவரும் அதைத் தொடமாட்டோம். அது கோழிக்குப் போகும்.

இந்த நிலையில்தான் அந்த நாய் வந்தது. மீனவர் குப்பத்திலிருந்து தினமும் வரும் மீன்கார அம்மாவின் நாய். செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். குப்பத்து ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். அந்த நெரிசலில் நாய்க்கு இடமில்லையோ என்னவோ, பழகிய வழியே எங்கள் பின்வாசலுக்கு வந்து நடுங்கிக்கொண்டு நின்றது.

நாங்கள் நாயை வீட்டுக்குள் விடுவதில்லை. தொழுகிற இடம், அதன் ஈரம் பட்டால் கழுவியாக வேண்டும். மாமி விரட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் விறகு அடுக்கும் சார்ப்பில் ஒரு சாக்கை விரித்து, "அங்கயே படு, உள்ள வராதே" என்றார். மழை நிற்காத அத்தனை நாளும் அது அங்கேதான் கிடந்தது. கருவாட்டுத் தலையும் கஞ்சியும் அதற்கு.

அப்புறம் எங்களுக்குப் பேச்சுத்துணை கிடைத்தது.

"வெறகு நனைஞ்சி போகுதே, யாராவது பாத்தாங்களா?" என்று மாமி நாயைக் கேட்பார்.

"எல்லாம் காலையிலயே உள்ள எடுத்து வச்சாச்சு" என்று நானும் நாயிடமே சொல்வேன்.

அது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டு முடிக்கிற நேரம், காற்று கூரை ஓட்டைப் புரட்டிவிட்டது. கூடத்தில் தண்ணீர் கொட்டியது. இருவரும் எழுந்து ஓடி, அண்டாவை இழுத்து அடியில் வைத்துவிட்டுத் திரும்பினோம். நாய் அடுப்படிக்குள் நின்றது. சஹன் நடுவில் இருந்த வரப்பைச் சுத்தமாகத் தின்றுவிட்டு, மூக்கில் ஒரு பருக்கையோடு எங்களைப் பார்த்து வாலாட்டியது.

அந்தச் சஹன் மாமியின் தாய்வீட்டுச் சீர். போச்சு, நாய்க்கு நல்ல அடி விழப்போகிறது என்று நினைத்தேன். மாமி அதன் மூக்கைப் பார்த்தார். சிரித்தார். மகன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கும் அடக்க முடியவில்லை.

எங்கள் மார்க்கத்தில் நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. கொல்லையில் கொட்டுகிற மழையில் மாமி மண் போட்டுத் தேய்த்தார். நான் செம்பால் தண்ணீர் ஊற்றினேன்.

"எண்ணும்மா" என்றார் என்னிடம். நாயிடம் அல்ல.

எண்ணினேன். நடுவில் சிரிப்பில் கணக்குத் தப்பி, மறுபடி முதலிலிருந்து கழுவினோம். இருவரும் தொப்பலாக நனைந்திருந்தோம். மாமி தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அன்னிக்கு உப்பு சரியாத்தான் இருந்திருக்கும். அவன் போனதுலேர்ந்து என் நாக்குல ஒண்ணும் தெரியல. எதத் தின்னாலும் மண்ணாட்டம் இருக்குது."

நான் மட்டும்தான் தனியாகிவிட்டேன் என்று அத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்தேன். அவருக்கும் பிள்ளை போயிருந்தான். செம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒருவழியாக மழை விட்டது, வெள்ளம் வடிந்தது. ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. மீன்கார அம்மா கழியில் பிடித்த கெளுத்தியோடு வந்தார். நாய் அவர் மேல் பாய்ந்து புரண்டது.

"இங்கயா இருந்த? நீ செத்துட்டன்னு நெனச்சேண்டா" என்று அதைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்து, கதவோரம் பெட்டியைப் பார்த்தார். "பாயம்மா, யாரு ஊருக்குப் போறாங்க?"

மாமி மீனைக் கையில் எடுத்து, செவுளைப் பார்க்கிற மாதிரி நின்றார்.

"யாரும் போகல" என்றேன். பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

அந்த மாமியோடு அதற்கப்புறம் எத்தனை வருஷம் வாழ்ந்தேன். சண்டை போடாமலா இருந்தோம்? ஆனால் பெட்டி மறுபடி கதவோரம் வரவில்லை. அந்த மடிந்த காதுக்கு நான் பட்ட கடன் தீராது. அது இருந்தவரை தினமும் பின்வாசலுக்கு வரும். ஒரு பிடி சோறு அதற்கென்று எடுத்து வைப்பேன்.

பெட்டி உள்ளே போன அன்று கெளுத்திக் குழம்பு வைத்தேன். "உப்பு பாருங்க மாமி" என்று கரண்டியை நீட்டினேன். "நீ போட்டாச் சரியா இருக்கும்" என்றார். சாப்பிட்டு எழுந்தபோது சஹன் நடுவில் கோழிக்குப் போட ஒரு பருக்கை இல்லை.