கெடுத்துப் பார்க்கும் வேலை

அலுவலகத்தில் நேருக்கு நேர் அவரை ‘அக்கா’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘முட்டுக்கட்டை’. இரண்டும் அவருக்குத் தெரியும். இரண்டாவது பெயர்தான் தன் வேலையைச் சரியாகச் சொல்கிறது என்று ஒருமுறை தங்கையிடம் சொல்லிச் சிரித்தார்.

கணினியின் அடிவயிற்றில் கர்னல் என்று ஒன்று உண்டு. எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம், யார் முதலில், யார் காத்திருப்பது என்று பங்கு பிரிப்பது அதுதான். அதில் யாராவது ஒரு வரியை மாற்றினால் எங்காவது உடைந்துவிட்டதா என்று தானாக ஓடிப் பார்க்கும் சோதனைகள் இருக்கின்றன. அந்தச் சோதனைகளையே ஒருவர் திருத்தினால், திருத்தம் சரிதானா என்று பார்ப்பது அக்காவின் வேலை. காவல்காரனுக்குக் காவல் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவருக்கு ஒரு வழக்கம். சோதனை ‘தேறியது’ என்று பச்சை காட்டினால் நம்பமாட்டார். அந்தச் சோதனை எந்த வரியைக் காக்க வேண்டுமோ, கர்னலில் அந்த வரியைத் தன் கையாலேயே அழித்துவிட்டு மறுபடி ஓட்டுவார். அப்போது சிவப்பு வந்தால்தான் ஒப்புதல். இதற்கு ‘கெடுத்துப் பார்ப்பது’ என்று அவரே பெயர் வைத்திருந்தார்.

“இன்னைக்கு யார் குடியைக் கெடுத்தீங்க, அக்கா?” என்று எதிர்மேசைக்காரன் தினமும் கேட்பான்.

அலுவலகத்தின் பின்னறையில் மிஞ்சியிருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் ஒவ்வொருவராக மேல்மாடிக்கோ வேறு வேலைக்கோ போய்விட்டார்கள். காலி மேசைகளில் கம்பிகள் சுருண்டு கிடந்தன. சோதனை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் கதை பேசுவார்கள். நாள் முழுக்க அக்கா வாய்விட்டுப் பேசுவது அப்போது மட்டும்தான். வீட்டில் பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிடுவாள். அவளும் பிள்ளைகளை அதட்டிக்கொண்டேதான் பேசுவாள்.

“உனக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தா அவரையும் நாலு குறை எழுதித் திருப்பி அனுப்பியிருப்பே, போ” என்பாள்.

“நாலோட நிறுத்தியிருக்க மாட்டேன்டி” என்பார் அக்கா.

எதிர்மேசைக்காரன் நினைவகச் சோதனைகளை மாதக்கணக்கில் உட்கார்ந்து திருத்தியிருந்தான். காலையில் ஓடவிட்டால் மதியம்வரை இழுத்தவை, இப்போது ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்தன. மேலாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தம் சேர்ந்துவிட்டால் மேல்மாடிக் குழுவில் இடம் என்றார். மேல்மாடிக்காரர்களுக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அவன் வீட்டிலோ இரட்டைக் குழந்தைகள். இன்னும் தலைகூட நிற்கவில்லை. மனைவிக்கு ஒத்தாசைக்கு ஆளில்லை. அக்காவின் ஒப்புதல் ஒன்றுதான் பாக்கி.

புதன்கிழமை அக்கா கெடுத்துப் பார்த்தார். நினைவகம் தீர்ந்துபோனால் கர்னல் ‘இல்லை’ என்று கைவிரித்துவிட்டு, அதுவரை வாங்கி வைத்ததைத் திருப்பித் தர வேண்டும். திருப்பித் தரும் வரியை அழித்துவிட்டு ஓட்டினார். பச்சை. வேறோர் இடத்தில் அழித்தார். அதற்கும் பச்சை.

காரணத்தைத் தேடிப் பிடித்தார். பழைய சோதனை நினைவகத்தை நிஜமாகவே தின்று தீர்க்கும். அதனால்தான் அத்தனை நேரம். அவன் அதற்குப் பதிலாக, நினைவகம் தீர்ந்துவிட்டதுபோல் கர்னலை ஏமாற்றும் வசதியைப் பயன்படுத்தியிருந்தான். நல்ல யோசனைதான். அந்த வசதி இல்லாத இயந்திரத்தில், சோதனை ‘ஸ்கிப்’ என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். அவனுடைய கணினியில் வசதி இருந்தது. அறையிலிருந்த சோதனை இயந்திரங்கள் ஒன்றிலும் இல்லை. முடிவுகளைத் தொகுக்கும் நிரலோ, ஸ்கிப் ஆனதையும் தேறியதோடு சேர்த்துவிட்டது. பரீட்சைக்கே வராதவனை பாஸ் என்று போட்ட கதை.

பதில் எழுதப் போனவர் அப்படியே நின்றார். குறை உண்மையானது. ஆனால் அதைக் கண்டதும் மனசுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்ததே, அது எதற்கு? திருத்தம் திரும்பினால் அவன் இங்கேயே இருப்பான். ‘சோதனை எதையும் சோதிக்கவில்லை’ என்று ஒற்றை வரி எழுதினால் போதும். அவன் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் வெள்ளி தாண்டிவிடும். ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது. முட்டுக்கட்டையின் பதில்கள் எப்போதுமே சுருக்கமானவை.

அன்று நீளமாக எழுதினார். எந்த வரிகளை அழித்தார், எந்த வசதியை இயந்திரங்களில் சேர்க்க வேண்டும், தொகுக்கும் நிரலில் எதை மாற்ற வேண்டும் என்று ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினார்.

எதிர்மேசையில் நாற்காலி சடாரென்று பின்னால் போயிற்று.

“இதை இப்ப வந்து சொல்றீங்களே, அக்கா?”

“இன்னைக்குத்தானே தம்பி கெடுத்துப் பார்த்தேன்.”

“நான் மேல போறது பிடிக்கலைன்னா நேராவே சொல்லியிருக்கலாம்.”

அக்காவுக்குச் சுருக்கென்றது.

“பிடிக்கலைதான்” என்றார். “அதுக்காக இல்லாத குறையை எழுதலை. நீயே அந்த வரியை அழிச்சு, உன் கம்ப்யூட்டர்ல இல்லாம இங்க இருக்கிற மெஷின்ல ஓட்டிப் பாரு.”

அவன் ஓட்டினான். பச்சையையே வெறித்துக்கொண்டிருந்தான்.

“அப்ப ஒண்ணுமே ஓடலையா?”

“ஒண்ணும் ஓடலை. அதான் அவ்வளவு வேகம்.”

கோபத்தோடு உட்கார்ந்திருந்தவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவும் சிரித்தார்.

மறுநாள் முழுக்க இயந்திரம் இயந்திரமாக அவன் வசதியைச் சேர்த்துக்கொண்டே போக, பின்னாலேயே அக்கா கெடுத்துக்கொண்டே போனார். இந்த முறை ஒவ்வொன்றும் சிவப்பாக அலறியது. அழித்த வரிகளைத் திரும்ப வைத்ததும் பச்சை. வேகமும் முக்கால்வாசி தங்கியது. வெள்ளிக்கிழமை காலையில் ஒப்புதல் கொடுத்தார்.

அடுத்த வாரம் அவன் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். “டீக்கு மேல வரணும். சும்மா வரேன்னு சொல்லிட்டு இருந்துடக் கூடாது.”

“வரேன், வரேன்.”

ஒருநாள் போகவும் செய்தார். மேல்மாடிக் கண்ணாடிக் கதவு அவருடைய அடையாள அட்டைக்குத் திறக்கவில்லை. கதவுக்கு அப்பால் அவனுடைய நாற்காலி காலியாக இருந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள்போலும். குழந்தைகளில் ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருப்பான். சிறிது நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தார்.

சாயங்காலம் வாசல் செக்யூரிட்டி, “கிளம்பிட்டீங்களா, மேடம்?” என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “கிளம்பிட்டேன்” என்றார்.