செல்லத்துரை மேடையில் பாடாத பாட்டு

செய்தி வந்தபோது என் கடை வாசலில் பைப் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்காவிட்டால் முனை உடைந்ததையும் சேர்த்து அடுக்கிவிடுவார்கள் என்பதால் போன் அடித்தும் எடுக்கவில்லை. விடாமல் அடிக்கவே எடுத்தேன். பாட்டுக் குழுவுக்கு வேன் ஓட்டும் கருப்பையா.

“அண்ணே, செல்லத்துரை அண்ணன் போயிட்டாருண்ணே.”

“எந்த ஊருக்குடா?” என்று கேட்டேன். திருவிழாக் காலம். அவர் எங்காவது போய்க்கொண்டே இருக்கும் காலம். கருப்பையா மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு இறங்கிய பைப்புகளை நான் பார்க்கவில்லை.

புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி கேட்டவர்களுக்குக் கலாட்டா செல்லத்துரையை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சினிமாப் பாட்டுகளைப் பாடிப் பாடிக் குழு களைத்துவிடும். கூட்டமும் துண்டை உதறிக்கொண்டு எழுந்திருக்கும். அப்போது அரிமளத்துக்காரர் ஒருவர், ஒல்லியாக, வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேடையேறுவார். எல்லோருக்கும் தெரிந்த மெட்டுதான். ஆனால் அதற்குள் இருப்பது அந்த ஊரின் ரேஷன் கடை, அந்த ஊரின் மினி பஸ், முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதரின் மீசை. எழுந்தவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

அவர் வேலை செய்யும் விதம் பலருக்குத் தெரியாது. கச்சேரி இரவில் என்றால் மதியமே அந்த ஊருக்குப் போய்விடுவார். டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கேட்பார். சாயங்காலத்துக்குள் ஒருவரைப் பிடித்துவிடுவார். அதோடு விடமாட்டார். அந்த ஆளையே தேடிப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, அவரைப் பற்றிய வரிகளை அவருக்கே மெதுவாகப் பாடிக் காட்டுவார். அவர் சிரித்தால் பாட்டு மேடைக்குப் போகும். சிரிக்கவில்லை என்றால் அங்கேயே செத்தது. “யாரப் பத்திப் பாட்டோ அவன்தான் மொதல்ல சிரிக்கணும். அவன் சிரிக்காம ஊரு சிரிச்சா அது பாட்டு இல்லீங்க, அடி” என்பார். இந்த விதியை அவர் மீறி நான் பார்த்ததில்லை.

என்னையும் அப்படித்தான் பிடித்தார். சைக்கிளில் பிளாஸ்டிக் குடம் கட்டி விற்க ஆரம்பித்தவன், புதுக்கோட்டையில் மோட்டார், பைப் கடை போட்டு ஓரளவு நிமிர்ந்திருந்த நேரம். அதே நேரத்தில் என் வீட்டு போர்வெல் வற்றிப்போனது. மோட்டார் வியாபாரி வீட்டில் தண்ணீர் இல்லை என்று வெளியே தெரிந்தால் யார் என்னிடம் மோட்டார் வாங்குவார்கள்? மூடி மறைத்து, விடியுமுன் லாரித் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தேன். செல்லத்துரை கடைக்குள் வந்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டார், ஒரு பழைய சோகப் பாட்டு மெட்டில் ஆரம்பித்தார்.

“ஊருக்கெல்லாம் தண்ணி வர மோட்டார் கொடுத்தாரு,
ஒத்தக் கொழா தொறந்து வச்சுக் காத்துப் பிடிச்சாரு.”

நான் முகத்தை அசைக்கவில்லை. ஒரு சரக்கு பிடித்திருக்கிறது என்று முகத்தில் காட்டினால் விலை ஏறிவிடும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன் நான். அவரும் அவசரப்படவில்லை. வந்த டீயைக் குடித்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன். கடைசியில் கல்லாப்பெட்டியில் தலையைக் கவிழ்த்துச் சிரித்துவிட்டேன். “முதலாளி சிரிச்சிட்டாரு. ராத்திரி வந்துருங்க, முன்வரிசையில எடம் போட்டு வைக்கச் சொல்றேன்” என்று எழுந்து போனார். அன்று ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது. மறுநாள், “காத்துப் பிடிச்ச கடை எதுங்க?” என்று விசாரித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் வாங்கவும் செய்தார்கள். அதற்குப் பிறகு லாரித் தண்ணீரைப் பட்டப்பகலில் இறக்கினேன்.

கேலிக்கு ஏன் எப்போதும் சோக மெட்டையே எடுக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “சந்தோசப் பாட்டுல ஏற்கெனவே கூட்டம் முதலாளி. அழுகப் பாட்டுலதான் நாம உக்கார எடம் கெடக்கு” என்றார்.

அவர் வீட்டுக் கொல்லையில் ஓடுவது என் கடை மோட்டார். அது சத்தம் போடுகிறது என்று ஒருநாள் குறை சொல்ல வந்தார். “மாத்தித் தாரேண்ணே, கழட்டிக் கொண்டாங்க” என்றேன். “எங்கிட்டுக் கழட்டுறது? மரகதம் தொட விட மாட்டேங்குது. சத்தம் இருந்தா இருந்துட்டுப் போகட்டுங்குது” என்று தன் மனைவியைப் பற்றி அலுத்துக்கொண்டார். பேச்சு வீட்டுப் பக்கம் திரும்பியதால் வெகுநாளாக இருந்த கேள்வியைக் கேட்டேன். “ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லாமப் பாடிட்டீங்க. அக்காவப் பத்தி மட்டும் ஏன் ஒரு பாட்டும் இல்ல?”

அவர் சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது. “காலையில காப்பி கொண்டாந்து வைக்கிறப்ப தெனமும் ஒண்ணு பாடிப் பாக்குறேன். எதுக்கும் சிரிக்க மாட்டேங்குது. இந்தச் சில்லா பூராம் செயிச்சேன் முதலாளி. எங்க வீட்டு அடுப்படியில தோத்துப்போனேன்.” மேடையில் நான் பார்த்தே இராத ஒரு சிறுத்துப்போன முகம் அன்று அவருக்கு இருந்தது. நானும் விளையாட்டாகப் பேச்சை மாற்றிவிட்டேன்.

கருமாதியன்று அரிமளத்தில் அவர் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. சாப்பிட்டு முடித்தும் யாரும் கிளம்பவில்லை. எப்படி ஆரம்பித்தது என்று தெரியவில்லை, அவர் பாட்டில் எது உசத்தி என்று பேச்சு வந்துவிட்டது. ஆவூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் சேவியர், பஸ் பாட்டுக்கு இணை கிடையாது என்றார்.

“வந்துருச்சு வந்துருச்சுன்னு பஸ்ஸுக்கு நின்னேன்,
வந்ததென்னமோ நரைதானுங்க என் தலையில.”

“சார், அது பஸ் இல்ல சார், சீனி!” என்று குறுக்கே விழுந்தான் கருப்பையா. “எங்க ஊரு ரேஷன் கடையப் பத்தி மொதல்ல பாடுனது. ஒங்க ஊருக்கு வந்தப்பறம்தான் பஸ்ஸாச்சு.”

“ஏப்பா, எங்க சர்ச்சு வாசல்ல என்னைய நிக்க வச்சுப் பாடுன பாட்டு அது. நரைச்ச தல இந்தா இருக்கு, பாத்துக்க.”

“நரை எல்லா ஊருலயும்தான் சார் இருக்கு.”

கொஞ்சம் சிரித்தோம். ஆனால் ஒருவருக்கும் ஒரு பாட்டு முழுதாகத் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒருவரிடம் முதல் வரி இருந்தது, இன்னொருவரிடம் நடுவில் ஓரடி. போனில் எடுத்தவற்றில் பாட்டு கேட்கவில்லை, எங்கள் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு ராத்திரிக்கும் என்று கட்டியதை நாங்கள் அங்கங்கே சிந்திவிட்டு வந்திருக்கிறோம். அவர் இருந்தவரைக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

மரகதம் அக்கா நிலைப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு ஓய்ந்த நேரத்தில் கேட்டார்: “ஏம்ப்பா, இம்புட்டுப் பாட்டு சொல்றீகளே. என்னையப் பத்தி எந்த ஊருலயாச்சும் பாடியிருக்காகளா?”

சேவியர் சார் தரையைப் பார்த்தார். கருப்பையாவுக்கு இளகிய மனது. “பாடாமலா ஆத்தா…” என்று இழுத்தான். அவன் அங்கேயே ஒரு பாட்டைக் கட்டிவிடுவான் என்று தெரிந்ததால் நான் முந்திக்கொண்டேன். இல்லாத சரக்கை இருக்கிறது என்று சொல்ல எனக்கு வராது. “இல்லக்கா. எங்கயும் பாடல. நீங்க சிரிக்கல, அதனால பாடலன்னு எங்கிட்ட சொன்னாரு.”

அக்கா தலையை ஆட்டினார். “பாடியிருக்க மாட்டாகன்னு தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்த கேட்டுக்கிருவமேன்னுதான்” என்றார். எங்களுக்குப் புரியவில்லை.

“சிரிச்சா மேடைக்குப் போயிரும்ல. ஒங்க ஊருப் பாட்டெல்லாம் ஒங்களுக்கு. காலையில பாடுறது எனக்கு மட்டும் இருக்கட்டும்னு வச்சுக்கிட்டேன். பல்லக் கடிச்சுக்கிட்டு நிப்பேன். அவுக அங்கிட்டுப் போனதும் கொல்லைக்குப் போயி மோட்டாரப் போட்டுவிடுவேன். அந்தச் சத்தத்துல நின்னு சிரிச்சுக்கிருவேன்.”

அந்த மோட்டாரை மாற்ற விடாததன் காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாம் எனக்கு மனப்பாடம். கேக்காதீக, சொல்ல மாட்டேன்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நான் சிரிக்கலைன்னு ஒங்ககிட்ட சொன்னாகன்னீகளே. வருத்தப்பட்டா சொன்னாக?”

எத்தனையோ பேரிடம் பேரம் பேசியிருக்கிறேன். அந்தக் கண்களுக்கு முன்னால் நிற்க முடியவில்லை. அடுப்படியில் தோத்துப்போனேன் என்றாரே, அந்த முகம் எனக்குள் இருந்தது.

“கொஞ்சம்” என்றேன்.

கடையில் ஒரு அடி பைப்பைக்கூட நான் அளவு குறைத்துக் கொடுத்ததில்லை. அன்று குறைத்தேன். அக்காவுக்கு மீதி புரிந்துவிட்டது. “வெளாட்டுன்னு நெனச்சேன். என்னைக்காச்சும் ஒருநாள் சொல்லிக்கலாம்னு இருந்தேன்ப்பா” என்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கொல்லையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. தொட்டி நிறைந்து தண்ணீர் சந்து வழியாக வாசலுக்கு வந்து எங்கள் செருப்புகளை நனைத்தது. யாரும் போய் நிறுத்தவில்லை.

அவரைக் கேட்டுச் சிரித்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறீர்கள். ஆளுக்கொரு வரி உங்களிடம் இருக்கும். முழுப் பாட்டுகள் அரிமளத்தில் ஒரு வீட்டுக்குள் இருக்கின்றன. அவற்றைத் தேடி யாரும் போக வேண்டாம். என்னிடம் இருப்பது, ஒற்றைக் குழாயில் காற்றுப் பிடித்த இரண்டு வரி. அதைவிடப் பெரிதாக நான் வைத்திருப்பது வேறொன்று. அன்று கல்லாப்பெட்டியில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தேனே, அதைச் செல்லத்துரை அண்ணன் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனார்.