318-ஆம் நம்பர் வில்லை

எப்சிபாவுக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டதாகப் பழவேற்காட்டில் பேச்சு. சேலையில் பித்தளை வில்லை குத்தியிருக்கிறாள், நம்பர்கூட இருக்கிறது என்றார்கள். கலெக்டர் ஆபீஸ் என்றனர் சிலர். ரயில்வேதான் என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. விசாரித்துப் பார்த்தால் ரயில்வே என்றவர்கள்தான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தார்கள். சென்னையில் எப்போதோ நின்றுபோன டிராம் வண்டியின் கண்டக்டர் வில்லை அது. எண் 318. எப்சிபாவின் தாத்தா அணிந்தது. டிராம் நின்றபோது காக்கிச் சட்டையைத் திருப்பிக் கொடுத்தவர், வில்லையைக் கொடுக்க மறுத்துவிட்டார்.

எப்சிபா ஏரியில் கழுத்தளவுத் தண்ணீரில், பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, வெறுங்கையால் இறால் தடவிப் பிடிக்கிறவள். புது மீன் கொட்டகைக்குள் உட்கார்ந்து விற்க மீனவர் சங்கத்தின் பிளாஸ்டிக் வில்லை வேண்டும். வலை இருக்கிற வீட்டுக்குத்தான் வில்லை. பத்து விரலை வலையாக ஒப்புக்கொள்ளச் சங்கத்துக்கு மனம் வரவில்லை. மூன்று முறை கேட்டுப் பார்த்தாள். மூன்று முறையும் விரட்டினார்கள். வெளியே வெயிலில் அவள் இறால் பத்து மணிக்கே நாறியது.

நாலாம் முறை அவள் கேட்கவில்லை. தாத்தாவின் வில்லையைத் தேய்த்துக் குத்திக்கொண்டு கொட்டகை நடுவில் போய் உட்கார்ந்தாள். அன்று பார்த்து மீன்வளத்துறை அதிகாரி ஒருவர் கொட்டகையைச் சோதிக்க வந்தார். பிளாஸ்டிக்குக்கு நடுவே பித்தளையைக் கண்டதும் அவருக்கு மரியாதை வந்துவிட்டது. பதிவேட்டில் 318 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். சங்கம் கொடுத்த வில்லைகளோ மொத்தமே நாற்பது.

மறுநாள் சங்கச் செயலாளர் தனசேகர் வந்தார்.

“அத்த கழட்டு எப்சிபா. டிராமே இல்ல, இன்னாத்துக்கு வில்ல?”

“ஐஸே இல்லாத ரூமுக்கு ஐஸ் ரூம்னு போர்டு மாட்டிக்கீறியேண்ணா. மொதல்ல அத்த கழட்டு.”

“நம்பர் தப்புனு ஆபீசருக்கு எழுதிடுவேன்.”

“எழுதேன். கையால புடிக்கிறவள மூணு தபா தொரத்துனதையும் சேத்து எழுது. கை வலிச்சா சொல்லு, நான் எழுதித் தரேன்.”

தனசேகர் பேனாவைத் திறந்தார். அது எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு போனார்.

இன்றும் எப்சிபா கொட்டகையில்தான் விற்கிறாள். போன வாரம் கோட்டைக்குப்பத்திலிருந்து இறால் தடவும் பெண்கள் இரண்டு பேர், எந்த வில்லையும் இல்லாமலே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் எழுப்பவில்லை.

பக்கத்து இடத்து ருக்குதான் விடுவதாக இல்லை. “வில்ல மட்டும் நல்லா மின்னுது. தேய்க்க வாங்கினு போன புளி எங்கடி?”

“தரேன்டி, எங்க ஓடிடப் போறேன்? இனிமே இங்கதான குந்தினு இருப்பேன்.”

புளி இன்னும் வந்தபாடில்லை.